மூன்றாவது ஜோடி மெமரி

குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். சீடர் வைத்திலிங்கத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குரு மங்கையர்க்கரசிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இவர் அவரை "அம்மா" என்பார், அவர் இவரை "ஐயா" என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் யாருக்குக் குரு என்று பிடிபடக் கொஞ்சம் நேரமாகும்.

குருவின் இடம் திருச்சியிலிருந்து முக்கொம்புக்குப் போகிற சாலையில், காவிரிக்கரையை ஒட்டி இருந்தது. ஒரு ஓட்டு வீடு, முன்னால் தகரம் போட்ட கூடம், பின்னால் நாலைந்து முருங்கை மரங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் வந்து கூடத்தில் கண்ணை மூடி உட்கார்வார்கள். குரு அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் சில நாள் பதில் வரும், சில நாள் மோர் வரும். மோரைக் குடித்துவிட்டுப் போனவர்கள் யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

வைத்திலிங்கமும் கண்ணை மூடுவார். நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு கண்ணை மட்டும் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மறுபடி மூடுவார். இதை யாரும் கவனிக்கவில்லை என்பது அவருடைய எண்ணம்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். கன்ட்ரோல் ரூமில் பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிஷத்துக்குள் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையா, உடனே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் பம்பு வெந்துபோகும். அந்த ஒரு நிமிஷம் அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. நிமிஷம் முடிந்ததும் விரல் தானாகப் பொத்தானுக்குப் போய்விடும். ஆலையில் அதற்காக அவருக்கு இரண்டு முறை பாராட்டுக்கூடக் கிடைத்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் எழுந்து போன பிறகும் வைத்திலிங்கம் மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஐயா?" என்றார் குரு.

"ஒண்ணு கேக்கணும்மா. தேன்மொழியை அவ சித்தி வீட்டுக்கே திருப்பி அனுப்பிடலாமா?"

தேன்மொழி அவருடைய ஒரே மகள். வயது பதினேழு. அம்மா செண்பகம் இறந்து இரண்டு வருஷமாகிறது. அப்போது வைத்திலிங்கம் வெளிநாட்டில் இருந்ததால், செண்பகத்தின் தங்கை வசந்தா பெண்ணைக் கும்பகோணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டாள். இந்த வருஷம் வேலையை விட்டுவிட்டு வைத்திலிங்கம் ஊருக்கே வந்துவிட்டார். உறையூர் வீட்டைத் திறந்து வெள்ளையடித்து, மகளை அழைத்து வந்து, திருச்சியிலேயே ஒரு கல்லூரியில் அனிமேஷன் படிப்பில் சேர்த்தார். இது நடந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பெண்ணுக்குப் பெயர் தேன்மொழி, ஆனால் அந்த வீட்டில் மொழிக்குத்தான் பஞ்சம். "ம்", "சரி", "வேண்டாம்". இந்த மூன்றை வைத்தே அவள் ஒன்றரை மாதத்தை ஓட்டிவிட்டாள்.

"எனக்கும் அவளுக்கும் ஒத்து வரலைம்மா. நானும் எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன்."

"என்னென்ன பண்ணீங்க?"

"மாடி ரூம்ல காத்து வரும்னு மேல குடி வச்சேன். மூணு நாள் பார்த்தேன், முகம் அப்படியேதான் இருந்துச்சு. கீழ் ரூமுக்கு மாத்தினேன். சமையலுக்கு ஒரு அம்மாவை வச்சேன். சரிப்படலை. அவங்களை நிறுத்திட்டு நானே சமைச்சேன். அதுவும் சரிப்படலை, ஓட்டல்ல சொன்னேன். மனசு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஒரு தடவை போனதுல ஒண்ணும் தெரியலை, வேற டாக்டரைப் பார்த்தேன். கொடைக்கானல் கூட்டிட்டுப் போனேன். அங்கயும் உம்முன்னு இருந்தா. மறுநாளே வண்டியைத் திருப்பிட்டேன்."

"எதுவும் சரிப்படலைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"முகத்துல ஒரு வெளிச்சமும் வரலையேம்மா."

குரு கூடத்தில் விரித்திருந்த பாய் ஒன்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"வர்ற சனிக்கிழமை சாயங்காலம் வசந்தா வர்றா. கூட்டிட்டுப் போறதுன்னா அன்னைக்கே போயிடலாம்னு சொல்றா. தேனுகிட்டயும் கேட்டேன், சித்தி வீட்டுக்கே போறியாம்மான்னு."

"என்ன சொன்னா?"

"ம்-னா."

"மாடி ரூமுக்குப் போறியான்னு கேட்டப்ப என்ன சொன்னா?"

வைத்திலிங்கம் யோசித்தார். "அதுக்கும் ம்-தான்."

காகம் ஒன்று தகரத்தின் மேல் நடந்து போகிற சத்தம் கேட்டது.

"கடைசியா ஒண்ணு பண்ணிட்டிருக்கேன்மா. அவ படிப்புக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேணும். கடையில ரெடியா இருக்கிறதை வாங்கிக் கொடுக்கிறது பெரிசில்ல. என் கையால பூட்டிக் கொடுக்கலாம்னு ஒவ்வொரு பாகமா வாங்கிட்டு வந்து வேலை பார்த்துட்டிருக்கேன். அதைப் பார்த்தாவது..." அவர் குரல் இறங்கியது. "அதுலயும் பாருங்க, மெமரி ஒத்து வர மாட்டேங்குது."

"மெமரின்னா?"

"கம்ப்யூட்டர் வேலை செய்யறப்ப எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கிற பட்டை. விரலைவிடக் கொஞ்சம் நீளமா இருக்கும். உள்ள எல்லாப் பாகத்தையும் பூட்டுற போர்டுல ஒரு காடியில அழுத்திச் சொருகணும். அது போர்டுக்கும் பொருந்தணும், பக்கத்துல இருக்கிற இன்னொரு பட்டைக்கும் பொருந்தணும். பொருந்தலைன்னா திரையில ஒண்ணும் வராது. கறுப்பாவே கிடக்கும்."

குரு எழுந்து உள்ளே போனார். பதில் வருமா என்று வைத்திலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மோர் வந்தது.

அவர் குடித்து முடித்ததும் குரு சொன்னார்: "சனிக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றேன்."

அந்த வாரம் முழுக்க வைத்திலிங்கத்துக்கு வேறு வேலை இல்லை.

முதலில் தன் பழைய கம்ப்யூட்டரிலிருந்த மெமரியைக் கழற்றிப் புது போர்டில் சொருகிப் பார்த்திருந்தார். உட்காரவே இல்லை. பட்டையின் அடியில் இருக்கும் சின்ன வெட்டு ஓர் இடத்தில் இருந்தது, காடியில் இருக்கும் மேடு வேறோர் இடத்தில் இருந்தது. தில்லைநகரில் அவர் பாகங்கள் வாங்குகிற கடை ஜாபருடையது. ஜாபர் அந்தப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"இது டிடிஆர் நாலு, பழைய ரகம் சார். உங்க போர்டு டிடிஆர் அஞ்சு, புது ரகம். தப்பா சொருகிடக் கூடாதுன்னுதான் வெட்டையே மாத்தி வச்சிருக்கான். பலமா அழுத்தியிருந்தா காடி போயிருக்கும்."

"சரி, அஞ்சுலயே ஒரு பட்டை கொடுங்க. இன்னொண்ணு பிறகு வாங்கிக்கிறேன்."

"அப்படிப் பண்ணாதீங்க சார். தனித்தனியா வாங்கினா தனித்தனியா நல்லாத்தான் இருக்கும். சேர்த்துப் போட்டா மல்லுக்கு நிக்கும். ஜோடியா ஒரே டப்பாவுல வர்றதை வாங்குங்க. ரெண்டாவது காடியிலயும் நாலாவது காடியிலயும் போடுங்க." டப்பாவைக் கொடுக்கும்போது ஜாபர் இன்னொன்றும் சொன்னார். "முதல் தடவை ஆன் பண்றப்ப கொஞ்ச நேரம் எடுக்கும் சார். பயந்துடாதீங்க."

வைத்திலிங்கம் தலையாட்டினார். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத்தான் தெரியுமே.

வீட்டுக்கு வந்து இரண்டாவது காடியிலும் நாலாவது காடியிலும் கிளிக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்திச் சொருகினார். பொத்தானை அழுத்தினார். உள்ளே காற்றாடி சுற்றியது. மெமரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகக் கிடந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. விரல் போனது. அணைத்தார். மறுபடி போட்டார், மறுபடி அதே மஞ்சள் விளக்கு, அதே கறுப்பு. அணைத்தார். பட்டைகளை இடம் மாற்றிப் போட்டார். அணைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் இருபது தடவைக்கு மேல் போட்டு அணைத்திருப்பார்.

மறுநாள் ஜாபரிடம் கொண்டுபோனார். ஜாபர் கடையிலிருந்த ஒரு மெஷினில் போட்டுப் பார்த்தார். "டீ குடிச்சுட்டு வாங்க சார்" என்றார். வைத்திலிங்கம் எதிர்க்கடையில் டீ குடித்து, பேப்பர் படித்துவிட்டு வந்தபோது திரையில் படம் வந்திருந்தது.

"மெமரி அருமையா இருக்கு சார்."

"அப்ப என் போர்டுக்கு இது பொருந்தலை. வேற கொடுங்க."

இரண்டாவது ஜோடி கொஞ்சம் வேகம் குறைந்த ரகம். வேகம் குறைவாக இருந்தால் சுலபமாக ஒத்துப்போகும் என்று வைத்திலிங்கம் கணக்குப் போட்டார். மஞ்சள் விளக்கு, கறுப்புத் திரை, ஒரு நிமிஷம், விரல். மூன்றாவது ஜோடியை வாங்கும்போது, போர்டோடு வந்த புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போய், போர்டு செய்தவர்களே போட்டுப் பார்த்துப் பொருந்தும் என்று அச்சடித்திருக்கும் மெமரியைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ஜாபர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். ஆனால் இந்தத் தடவை டீ குடிக்கச் சொல்லவில்லை.

அதே மஞ்சள் விளக்குதான் எரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை வைத்திலிங்கம் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தேன்மொழி அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்தவள்போல வாயைத் திறந்தாள்.

"வந்துடும்மா, வந்துடும்" என்று வைத்திலிங்கம் முந்திக்கொண்டார். "நீ சாப்பிட்டியா? தோசை சொல்லட்டுமா? ஃபேன் சத்தம் போடுதா? மாடி ரூமுக்கே போறியா? துணியெல்லாம் எடுத்து வச்சுட்டியா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். "ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வைத்திலிங்கத்துக்கு அழுகை வந்தது. பன்னிரண்டு வருஷம் கடல் தண்ணீரையே குடிக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தவன், வீட்டில் ஒரு பெட்டியை எரிய வைக்க முடியவில்லை, ஒரு பெண்ணைப் பேச வைக்க முடியவில்லை என்று நினைத்தார். எல்லாம் பொருந்தாத பொருள்களாக வந்து தன்னிடமே சேர்கின்றன என்றும் நினைத்தார். பெட்டியை நாளைக்கே ஜாபரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது, பெண்ணை வசந்தாவிடம் ஒப்படைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை குரு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ஒரு பெரிய முருங்கைக் கொத்து. யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் குரு கையை வீசிக்கொண்டு போவதில்லை. ஏதாவது காய், ஏதாவது கீரை கொண்டுபோவார், அதைச் சமைப்பதற்கும் கூட உட்கார்வார். அது அவர் பழக்கம்.

வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பை இருந்தது. தேன்மொழி காலையிலேயே துணிமணிகளை அடுக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். குரு பையைப் பார்த்தார். அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

கூடத்தில் மேஜை மேல் கம்ப்யூட்டர் இருந்தது. பக்கவாட்டு மூடி கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது.

"இதுதானா?"

"இதுதான்மா. சாயங்காலம் கடையில திருப்பிக் கொடுத்துடப் போறேன். மூணாவது ஜோடியும் ஒத்து வரலை."

"ஒரு தரம் போட்டுக் காட்டுங்க."

வைத்திலிங்கம் பொத்தானை அழுத்தினார். காற்றாடி சுற்றியது, மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பார்த்தீங்களா? இதேதான்மா. ஒண்ணும் வராது" என்று சொல்லிக்கொண்டே அவர் விரலை நீட்டினார்.

நீட்டிய கையில் குரு ஒரு முருங்கைக் கிளையை வைத்தார்.

"இதை ஆயுங்க."

"ஆயறேன்மா. இதை அணைச்சுட்டு..."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். எனக்குப் பசிக்குது."

குருவுக்குப் பசிக்கிறது என்று சொன்ன பிறகு சீடர் என்ன செய்ய முடியும்? வைத்திலிங்கம் தரையில் பேப்பரை விரித்தார். திரை தெரிகிற மாதிரி அவர் உட்காரப் போனபோது, குரு அந்த இடத்தில் தாமே உட்கார்ந்துகொண்டார். வைத்திலிங்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் மிச்சம். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் உருவினார். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் மஞ்சளாவேதான் எரியுதும்மா."

"கீரையில காம்பு கிடக்குது பாருங்க."

காம்பைப் பொறுக்கினார். மறுபடி திரும்பினார்.

"சூடாயிடுமோ?"

"காத்தாடி ஓடுதே."

"கரண்ட் வீணாப் போகுது."

"போகட்டும்."

கைக்கடிகாரத்தைப் பார்க்கலாம் என்றால் இடது கையில் கிளை, வலது கையில் இலை. குரு அவர் முன்னால் இன்னும் இரண்டு கிளைகளைப் போட்டார். ஒரு நிமிஷம் எப்போதோ போய்விட்டது. ஆலையாக இருந்தால் இந்நேரம் அபாயச் சங்கு ஊதியிருக்கும் என்று நினைத்தார். சங்கு எதுவும் ஊதவில்லை. தெருவில் கோலமாவு விற்கிறவர் கூவிக்கொண்டு போனார்.

அறைக் கதவு திறந்தது. தேன்மொழி வெளியே வந்தாள். குருவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"வாம்மா" என்றார் குரு. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பெயர் கேட்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை.

அவள் சற்று நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு பேப்பரின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கிளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். "தேனு, காலேஜ்ல..."

அவர் மடியில் ஒரு கொத்து வந்து விழுந்தது. குருவின் கண் தன் கையிலிருந்த கீரையில்தான் இருந்தது. வைத்திலிங்கம் வாயை மூடிக்கொண்டார்.

மூன்று பேரும் கீரை ஆய்ந்தார்கள். இலை பேப்பரில் விழுகிற சத்தமும் உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தமும் மட்டும் கேட்டன. இந்த ஒன்றரை மாதத்தில் எதையும் கேட்காமல், எதையும் மாற்றாமல், மகளோடு ஒரே தரையில் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை என்பது வைத்திலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் அவள் விரல்களைப் பார்த்தார். அவள் நுனியைப் பிடித்து, அடியிலிருந்து மேலே உருவினாள். செண்பகம் அப்படித்தான் உருவுவாள். அதைச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. கை நிறைய வேலை இருந்தது.

"சித்தி இப்படி ஆய மாட்டாங்க" என்றாள் தேன்மொழி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

வைத்திலிங்கத்தின் கை நின்றது.

"ராத்திரியே துணியில சுத்தி வச்சிடுவாங்க. காலையில பிரிச்சா தானா உதிர்ந்திருக்கும். உதறினாப் போதும்."

ஒன்றரை மாதத்தில் இதுதான் அவள் பேசிய நீளமான பேச்சு. வைத்திலிங்கம் பாதி எழுந்துவிட்டார். "அப்படியா? துணி எடுத்துட்டு வரட்டுமா? வேட்டி போதுமா? நம்மளும் அதே மாதிரி..."

"ஐயா" என்றார் குரு. "காம்பு."

வைத்திலிங்கம் உட்கார்ந்தார். காம்பைத் தேடினார். அந்த இடத்தில் காம்பே இல்லை. ஆனாலும் தேடிக்கொண்டிருந்தார்.

தேன்மொழியின் உதட்டில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. வைத்திலிங்கம் அதைப் பார்க்கவும் இல்லை, தலையைக் குனிந்திருந்தார்.

இன்னும் ஒரு கிளை முடிந்தது.

"அம்மா இப்படித்தான் ஆய்வாங்க" என்றாள் தேன்மொழி.

வைத்திலிங்கத்தின் தொண்டையில் பத்துக் கேள்விகள் வந்து நின்றன. உனக்கு ஞாபகம் இருக்கா? அம்மாவை நினைச்சுப்பியா? ராத்திரி அழறியா? என் மேல கோபமா? நான் ஏன் வரலைன்னு நினைச்சியா? ஒன்றைக்கூட அவர் வெளியே விடவில்லை. எல்லாவற்றையும் விழுங்கினார். அதற்கு நேரம் பிடித்தது.

பிறகு சொன்னார். "ஆமா. நுனியிலேருந்து உருவவே மாட்டா. அப்படி உருவினா கிளை ஒடியும்பா."

தேன்மொழி தலையாட்டினாள். அவள் கை நிற்கவில்லை. அவர் கையும் நிற்கவில்லை.

"செருப்புக் கடையில நான் அழுததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க, கீரை ஆயறப்ப."

வைத்திலிங்கத்துக்கு அந்தச் செருப்புக் கடைக் கதை தெரியாது. அவர் இல்லாத வருஷம் ஒன்றில் நடந்திருக்க வேண்டும். என்ன கதை என்று கேட்கத் துடித்தார். கேட்கவில்லை. அவளே சொல்லுவாள், இன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள், என்று முதன்முறையாக அவருக்குத் தோன்றியது.

"அப்பா."

"ம்?" என்றார் வைத்திலிங்கம்.

"பின்னாடி பாருங்க. வந்துருச்சு."

அவர் திரும்பினார். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. திரை முழுக்க வெள்ளை எழுத்து. போர்டின் பெயர், அதற்குக் கீழே மெமரி முப்பத்திரண்டு ஜிபி, இரண்டாவது காடியில் பதினாறு, நாலாவது காடியில் பதினாறு. எல்லாம் சரியாக இருந்தது.

அவர் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த கீரை கூடமெல்லாம் சிதறியது. திரையைத் தொட்டுப் பார்த்தார். உடனே ஜாபருக்குப் போன் போட்டார்.

"ஜாபர், வந்துருச்சு! அதே மெமரிதான், ஒண்ணும் மாத்தலை. அப்படியே விட்டேன், வந்துருச்சு!"

ஸ்பீக்கரில் ஜாபர் குரல் கேட்டது. "அதான் அன்னைக்கே சொன்னேனே சார், முதல் தடவை கொஞ்ச நேரம் எடுக்கும்னு."

"கொஞ்ச நேரம்னா நான் ஒரு நிமிஷம்னு..."

"ஒரு நிமிஷமா? பத்து நிமிஷம், சில சமயம் கால் மணி நேரம்கூட ஆகும் சார். புது மெமரியைப் போர்டு எடுத்த எடுப்புல ஏத்துக்காது. எந்த வேகத்துல பேசினா இதுக்குப் புரியும், எவ்வளவு கரண்ட் கொடுத்தா தாங்கும்னு தட்டித் தட்டிப் பார்க்கும். அது முடியிற வரைக்கும் திரையில ஒண்ணையும் காட்டாது. வெளிய கறுப்பா இருக்கும், உள்ள வேலை நடந்துகிட்டிருக்கும்."

"நடுவுல அணைச்சா?"

"அதுவரைக்கும் பழகினதெல்லாம் போச்சு சார். மறுபடி முதல்லேருந்து."

வைத்திலிங்கம் கொஞ்சம் தயங்கினார். "அப்ப முதல் ஜோடி, ஜாபர்?"

"அது பொருந்தியிருக்கும் சார். மூணுமே பொருந்தியிருக்கும்."

வைத்திலிங்கம் போனைப் பிடித்தபடியே நின்றார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

அவர் போனை வைத்தார். தேன்மொழி சிதறிய கீரையை எடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மேஜைக் காலுக்கு அடியில் கிடந்ததை எடுக்க நாற்காலியை நகர்த்தினாள். பிறகு குனிந்தவாக்கில், மூடி கழற்றிய பக்கம் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்தாள். மெமரிப் பட்டைகளை விரலால் தொடாமல் சுட்டினாள், ஒன்று, இரண்டு என்று. பிறகு சமையலறைக்குப் போனாள். அவள் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

வைத்திலிங்கம் குருவுக்கு எதிரே வந்து நின்றார்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமாம்மா?"

"கம்ப்யூட்டரைப் பத்தி எனக்கு என்ன தெரியும் ஐயா? உங்க விரலைத் தெரியும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பார்க்கிறேனே."

வைத்திலிங்கம் தன் விரலைப் பார்த்தார். முருங்கைக் கறை பச்சையாக ஒட்டியிருந்தது.

வாசலில் நீலப் பை அப்படியே இருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாயங்காலம் வசந்தா வந்துடுவா. அவகிட்ட நான் என்னம்மா சொல்லட்டும்? அன்னைக்குக் கேட்டேன், நீங்க பதிலே சொல்லலை."

குரு பேப்பரைப் பார்த்தார். ஆய்ந்த கீரை ஒரு பக்கம் குவிந்திருந்தது. ஆயாத கிளைகள் மறுபக்கம் கிடந்தன.

"இன்னும் பாதிக் கீரை கிடக்குது ஐயா" என்றார்.

வைத்திலிங்கம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு வாசலுக்குப் போனார். நீலப் பையை எடுத்தார். அதைத் தேன்மொழியின் அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

சமையலறை வாசலில் தேன்மொழி நின்றிருந்தாள். கையில் டம்ளர் இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது, அதில் தனியாக ஒரு வெளிச்சமும் இல்லை.

அவர் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார். அவளும் வந்து உட்கார்ந்தாள். ஒரு கிளையை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

வைத்திலிங்கம் நுனியைப் பிடித்து, அடியிலிருந்து உருவினார். ஒன்றும் கேட்கவில்லை.